சக் ஷுல்டினர்: பெயரும் பிழைப்பும்

டெத் மெட்டல் என்ற இசைவகையைப் பற்றி யார் எழுதினாலும் சக் ஷுல்டினரின் பெயரைத் தொடாமல் முதல் அத்தியாயத்தைக் கடக்க முடிவதில்லை. 1983இல், பதினாறு வயதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நண்பர்களோடு அவர் ஒரு குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதற்கு ‘டெத்’ என்று பெயர் வந்தது. 1987 முதல் 1998 வரை ஏழு ஆல்பங்கள். ஏழிலும் மாறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில், மூளைத்தண்டில் வந்த கட்டியால் இறந்தார். அவருடைய பாடல்களைச் சுரம் பிசகாமல் வாசிக்கிற பையன்கள் அப்போது பல கண்டங்களில் இருந்தார்கள். சிகிச்சைக்கு ஆன 70,000 டாலர் அவர் குடும்பத்திடம் இல்லை. நிலத்தடி இசை என்று சொல்லப்படும் ஏற்பாடு ஒரு கலைஞருக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதற்கு இவ்வளவு தெளிவான கணக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது.

அவர் பிறந்தது 1967 மே 13, நியூயார்க்கின் லாங் ஐலண்டில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஃப்ளோரிடாவுக்கு, ஆர்லாண்டோ நகரை ஒட்டிய ஆல்டமாண்ட் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்கு ஒன்பது வயதானபோது அண்ணன் ஃபிராங்க் கார் விபத்தில் இறந்தார். துக்கத்திலிருந்து பிள்ளையை மீட்கப் பெற்றோர் ஒரு கிட்டார் வாங்கித் தந்தார்கள். செவ்வியல் கிட்டார் வகுப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. நர்சரிப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள், கொஞ்ச நாளில் நின்றுவிட்டார். பிறகு யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு விற்பனைக்கு வைத்திருந்த மின்சார கிட்டார் ஒன்று கைக்கு வந்தது. அதன்பின் ஆசிரியர் தேவைப்படவில்லை. குழுவின் பெயரை அண்ணனின் சாவோடு முடிச்சுப் போடுவது ரசிகர் வழக்கம். பதினேழு வயதுப் பையன்கள் பெயர் வைக்கும்போது அவ்வளவு யோசிப்பார்களா என்று கேட்கவும் இடமிருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டதற்காக மட்டும் அவர் பின்னாளில் வருந்தினார்.

முதலில் குழுவின் பெயர் ‘மாண்டாஸ்’. ரிக் ராஸ் கிட்டார், காம் லீ டிரம்ஸும் குரலும். வெனம் என்ற இங்கிலாந்துக் குழுவின் கிட்டார்காரர் மேடையில் வைத்திருந்த பெயரும் மாண்டாஸ்தான். இந்தப் பையன்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பயிற்சியறை என்பது வீட்டின் கார் கொட்டகை. உள்ளூரில் இவர்களைக் கேட்க ஆள் அதிகமில்லை. தீம் பார்க்குகளுக்கும் ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்புகளுக்கும் பேர்போன மாநிலத்தில், பிணங்களைப் பற்றி அடித்தொண்டையில் உறுமும் மூன்று சிறுவர்களை மேடையேற்ற எந்த மதுக்கடைக்காரரும் துடிக்கவில்லை. கேட்பவர்கள் தபாலில்தான் இருந்தார்கள்.

இந்தத் தபால் உலகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம்வரை, மெட்டல் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கேசட் நகலெடுத்து அனுப்பிக்கொண்டார்கள். இதில் காசு கைமாறாது. தன்னிடம் இருப்பவற்றின் பட்டியலைக் கையால் எழுதியோ தட்டச்சு செய்தோ ஒருவர் அனுப்புவார். மற்றவர் தன் பட்டியலை அனுப்புவார். இன்னதுக்கு இன்னது என்று பேசிமுடித்து, ஆளுக்கொரு சி-90 கேசட்டில் பதிந்து அஞ்சல் பெட்டியில் போடுவார்கள். உறைக்குள் கேசட்டோடு, தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டிய ஜெராக்ஸ் துண்டுகள் ஒரு கத்தையாகத் திணிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குழுவின் பெயர், முகவரி, மாதிரிப் பதிவான டெமோவின் விலை. பெற்றவர் அவற்றைத் தன் அடுத்த உறைகளில் பிரித்துப் போட்டு அனுப்புவார்.

தபால்செலவுதான் இதில் பெரிய செலவு. அதற்கும் வழி கண்டிருந்தார்கள். ஸ்டாம்பின் மேல் பசையோ சோப்போ மெல்லிதாகத் தடவிக் காயவிடுவது. அஞ்சலகத்தின் முத்திரை மை அந்தப் படலத்தின்மேல் விழும். பெற்றவர் ஸ்டாம்பைப் பிரித்துத் தண்ணீரில் கழுவி, அடுத்த கேசட்டோடு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். சட்டத்துக்குப் புறம்பான காரியம், அந்த வட்டத்தில் சாதாரண மரியாதை. ஸ்டாம்பைத் திருப்பாதவர் பெயர் கெட்டுப்போகும். நகலின் நகல் என்று போகப்போக ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வரும். நான்கைந்து கை தாண்டிய கேசட்டில் சிம்பல் ஓசை கரைந்து, கிட்டார் ஒரே உறுமலாகிவிடும். அந்தக் கலங்கலையே இந்த இசையின் குணம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் உண்டு. டெத் குழுவின் ‘ரெய்ன் ஆஃப் டெரர்’ (1984), ‘இன்ஃபர்னல் டெத்’ (1985), ‘மியூட்டிலேஷன்’ (1986) ஆகிய டெமோக்கள் ஊர் சுற்றியது இப்படித்தான். ஆல்பம் ஒன்றுகூட வராத ஒரு குழுவுக்கு ஐரோப்பாவில் ரசிகர்கள் இருந்தார்கள்.

தமிழில் சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பிரசுரங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதும் இதே வகைப் பொருளாதாரம்தான். சந்தைக்கு வெளியே தரம் அறிந்த ஒரு சின்னக் கூட்டம், பரிமாற்றமே செலாவணி, கைக்காசு கரைவது இயல்பு. இதில் ஒருவருக்குக் கிடைக்கும் பெயர் உண்மையானது. அதை விளம்பரம் செய்து யாரும் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை மளிகைக்கடையில் மாற்ற முடியாது.

பெயர் பரவிய அளவுக்குக் குழு நிலைக்கவில்லை. ஷுல்டினருக்கு வேண்டிய வேகத்தில் டிரம்ஸ் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆள் தேடி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனார், திரும்பினார். 1986 தொடக்கத்தில் கனடாவின் டொரான்டோவில் ‘ஸ்லாட்டர்’ குழுவில் சேர்ந்து, சில வாரங்களில் வீடு திரும்பினார். மறுபடி கலிஃபோர்னியா. அங்கே கிறிஸ் ரைஃபர்ட் என்ற இளைஞர் அகப்பட்டார். இருவர் மட்டும் பதிந்த ‘மியூட்டிலேஷன்’ டெமோவைக் கேட்டு காம்பாட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் தந்தது. 1987இல் வந்த ‘ஸ்கிரீம் பிளடி கோர்’ ஆல்பத்தில் கிட்டார், பேஸ், குரல் மூன்றும் ஷுல்டினர், டிரம்ஸ் ரைஃபர்ட். அட்டையில் இன்னொரு கிட்டார்காரரின் பெயரும் உண்டு. அவர் ஒரு சுரமும் வாசிக்கவில்லை.

டெத் மெட்டலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கமாயிற்று. அவர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. தான் ஒரு மெட்டல் குழுவில் வாசிக்கிறவன், தனக்கு முன்னால் வெனம் போன்றவர்கள் இருந்தார்கள் என்றே சொல்லிவந்தார். தன்னடக்கம் என்று தள்ளிவிடத் தேவையில்லை, தகவல்படியே அதில் நியாயம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ‘பொசஸ்ட்’ குழு 1984இலேயே ‘டெத் மெட்டல்’ என்ற தலைப்பில் ஒரு டெமோ வெளியிட்டிருந்தது. அவர்களின் முதல் ஆல்பம் 1985. ஷுல்டினரின் இடம் வேறு. வகையைத் தொடங்கியவர்கள் சிலர் இருக்கலாம். அதை ஒரே இடத்தில் நிற்கவிடாமல் பத்தாண்டு தள்ளிக்கொண்டு போனவர் அவர்.

இரண்டாவது ஆல்பமான ‘லெப்ரசி’ (1988) டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவானது. ஜிம், டாம் என்ற மோரிஸ் சகோதரர்கள் 1981இல் தொடங்கிய இடம் அது. அங்கே வேலைபார்த்த ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பொறியாளர் இந்த இசைக்கு ஒரு தீர்வு கண்டார். கிட்டார் தந்திகளை வழக்கமான சுருதியிலிருந்து இறக்கிக் கட்டுகிறார்கள். கூடவே இரண்டு கால்களாலும் உதைக்கும் பெரிய டிரம். நிமிடத்துக்கு 200 தாளம், தாளத்துக்கு நான்கு உதை என்றால் விநாடிக்குப் பதின்மூன்று அடிக்கு மேல். எல்லாம் தாழ்ந்த ஒலிகள் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வெறும் முழக்கமாகிவிடும். பர்ன்ஸ் பதிந்த ஆல்பங்களில் டிரம் தோலில் கட்டை மோதும் அந்த ‘டிக்’ ஓசை தனியே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு உதையும் எண்ணும்படி கேட்கும். இந்தத் தெளிவைத் தேடி பஃபலோவிலிருந்து கானிபல் கார்ப்ஸும், இங்கிலாந்திலிருந்து நேபாம் டெத்தும், பிரேசிலிலிருந்து செபுல்டுராவும் டாம்பாவுக்கு வந்தார்கள். ஒபிச்சுவரி, மார்பிட் ஏஞ்சல், டிசைட் ஆகியவை ஃப்ளோரிடாவின் சொந்தப் பிள்ளைகள். 1990 வாக்கில் உலக டெத் மெட்டலின் தலைநகரம் டாம்பா என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

தலைநகரம் என்றாலும் கஜானா கிடையாது. ஆல்பம் பதிவதற்கு லேபிள், அதாவது வெளியீட்டு நிறுவனம், தரும் முன்பணம் கடன்தான். ஸ்டூடியோ வாடகை, பொறியாளர் கூலி எல்லாம் அதில் போகும். விற்பனையில் கலைஞருக்கு வர வேண்டிய பங்கிலிருந்து அந்தக் கடன் அடையும்வரை கைக்கு எதுவும் வராது. சில பல ஆயிரம் பிரதிகள் விற்கும் இசையில் அது எப்போது அடையும் என்பது தெரிந்ததே. மிச்சம் பார்க்க டூர் போக வேண்டும். நாலைந்து பேர் ஒரு வேனில், ஆம்ப்ளிஃபயர்களின் இடுக்கில் தூங்கி, ஒரு நாளில் அடுத்த ஊர். நுழைவுக் கட்டணத்தில் கிடைப்பது பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். நிஜமான வருமானம் அரங்கத்தின் பின்மூலையில், மடக்கு மேசையில் டீ-ஷர்ட் விற்பதில் இருக்கிறது. ஒரு கிட்டார்காரர் தன் இசையைவிடத் தன் இசையின் பெயர் அச்சிட்ட துணியால் அதிகம் பிழைக்கிறார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த, யாரும் பெரிதுபடுத்தாத சங்கதி.

அதனால்தான் பலரும் ஒரு கட்டத்தில் மாதச் சம்பளத்தைத் தேடிப் போனார்கள். ஸ்காட் பர்ன்ஸ் தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டூடியோவை விட்டுவிட்டுக் கணினி மென்பொருள் வேலைக்குப் போனார். டெத்தின் ‘சிம்பாலிக்’ ஆல்பத்தில் வாசித்த பாபி கோல்பிள் கல்லூரியில் ஜாஸ் கிட்டார் கற்பிக்கிறார். கடைசி ஆல்பத்தின் டிரம்மர் ரிச்சர்ட் கிறிஸ்டி எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர், பிறகு வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். இதை வீழ்ச்சி என்று பார்ப்பது தவறு. போனவர்களில் பலர் வாசிப்பதை நிறுத்தவில்லை. வாடகை கட்டுவதற்கு வேறு வழி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஷுல்டினர் அப்படி ஒரு வழி வைத்துக்கொள்ளவில்லை.

அவரோடு வேலை செய்வது எளிதாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ ஆல்பம் வந்தபின் ஐரோப்பிய டூர் ஏற்பாடானது. ஏற்பாடுகள் சரியில்லை என்று சொல்லி, கிளம்பும் நேரத்தில் அவர் வர மறுத்தார். பேஸ் வாசித்த டெர்ரி பட்லரும் டிரம்மர் பில் ஆண்ட்ரூஸும் உடன்வந்த உதவியாளர்களை மேடையேற்றி, அவர் இல்லாமலே டெத் என்ற பெயரில் வாசித்துவிட்டு வந்தார்கள். பத்திரிகைகள் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதின. குழுவை உருவாக்கியவருக்கே அதன் பெயர் கைநழுவப் பார்த்தது. மேலாளரோடு வழக்கும் வந்தது, பின்னால் சமரசமும் ஆனது. நிலத்தடி உலகம் தன்னைச் சகோதரத்துவம் என்று சொல்லிக்கொண்டாலும், எழுதிவைத்த ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சகோதரர்கள் எப்படிப் பிரிவார்களோ அப்படித்தான் இவர்களும் பிரிந்தார்கள்.

இதற்குப் பிறகு அவர் நிரந்தரக் குழு என்ற எண்ணத்தையே கைவிட்டார். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எழுதி முடித்துவிட்டு, அதற்குத் தகுந்த ஆட்களை அழைப்பது என்றானது. கெட்டதில் விளைந்த நல்லது இது. ‘ஹியூமன்’ (1991) ஆல்பத்துக்கு மயாமியின் ‘சினிக்’ குழுவிலிருந்து பால் மாஸ்விடாலும் ஷான் ரைனர்ட்டும் வந்தார்கள். பேஸ் ஸ்டீவ் டிஜார்ஜியோ. ரைனர்ட்டின் டிரம்ஸில் வேகத்துக்கு நடுவே ஜாஸ் காதோடு வைத்த சின்னச் சின்ன அடிகள் கேட்டன. இந்த வகையில் அப்படி அடித்தவர்கள் அதுவரை அரிது. மாஸ்விடாலும் ரைனர்ட்டும் தன்பால் ஈர்ப்பாளர்கள். அதைப் பொதுவில் சொல்ல அவர்களுக்கு 2014வரை ஆயிற்று. ஊருக்கு ஒவ்வாதவர்களின் புகலிடம் என்று தன்னைப் பற்றிப் பெருமை பேசிய கூட்டத்துக்குள்ளும் சொல்ல முடியாதவை இருந்தன.

1993இன் ‘இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ ஆல்பத்தில் டிஜார்ஜியோ மெட்டுகள் (ஃப்ரெட்) இல்லாத பேஸ் கிட்டார் வாசித்தார். டார்க் ஏஞ்சல் குழுவின் ஜீன் ஹோக்லன் டிரம்ஸ், கிங் டைமண்ட் குழுவின் ஆண்டி லாராக் இரண்டாவது கிட்டார். 1995இல் ‘சிம்பாலிக்’; மெல்லிசைத் தொடர்களும் முரட்டு வேகமும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்த ஆல்பம், அவருடைய உச்சம் அதுவே என்று நினைக்க நிறையக் காரணம் உண்டு. பாடல்வரிகளும் மாறின. முதல் ஆல்பம் பேய்ப்படங்களின் ரத்தம். ‘லெப்ரசி’யிலேயே, இயந்திரத்தின் தயவில் மூச்சு ஓடும் நோயாளியின் பக்கமிருந்து பேசும் பாடல் வந்துவிட்டது. அடுத்து கருக்கலைப்பு, பிரார்த்தனையால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பிரசங்கிகள், பிறகு வஞ்சனை, மனசாட்சி என்று உள்நோக்கிப் போனது. சாவின் பெயரைக் கொண்ட குழு பிணத்தைப் பற்றிப் பாடுவதை நிறுத்திவிட்டது என்று சில ரசிகர்கள் குறைப்பட்டார்கள். நிலத்தடி ரசிகர் விசுவாசமானவர், அந்த விசுவாசம் முதலில் கேட்ட கேசட்டின் மேல். அது கலைஞருக்கு ஒரு கட்டுப்பாடாகவும் ஆகிவிடுகிறது.

குரலும் மேலே ஏறியது. உறுமல் என்பது குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளையும் சேர்த்து அதிரவைக்கும் உத்தி. தவறாகச் செய்தால் தொண்டை போய்விடும். தொடக்கத்தில் அடித்தொண்டையில் கிடந்த அவர் குரல் ஆல்பத்துக்கு ஆல்பம் உயர்ந்து, ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’ (1998) வந்தபோது ஏறக்குறைய கிறீச்சிடலாக இருந்தது. அதில் ஜூடாஸ் பிரீஸ்டின் ‘பெயின்கில்லர்’ பாடலையும் பாடியிருக்கிறார். அவருக்கு உள்ளூர ஆசை, உறுமாத, முழுக்குரலில் பாடும் பாடகரை வைத்து மெட்டல் செய்வது. அதற்காகவே ‘கன்ட்ரோல் டினைட்’ என்ற குழுவைக் கட்டினார். லேபிளுக்கோ டெத் என்ற பெயரில் இன்னொரு ஆல்பம் தேவைப்பட்டது. கன்ட்ரோல் டினைட்டுக்காக எழுதியவற்றில் சில அதற்குள் போயின. கடைசியில் டிம் எய்மர் பாட, ‘தி ஃப்ரஜைல் ஆர்ட் ஆஃப் எக்ஸிஸ்டன்ஸ்’ 1999இல் வெளிவந்தது. அது வெளிவருமுன்பே நோய் தெரிந்துவிட்டது.

கழுத்தின் மேல்பகுதியில் வலி. நரம்பு பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். 1999 மே 13, அவருடைய 32ஆவது பிறந்தநாளன்று, மூளைத்தண்டில் கட்டி என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு 2000 ஜனவரியில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டிய சலுகை. முதலாளி என்று ஒருவர் இல்லாதவர் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும். இசைக்காரர்களில் பலர் அப்போது வாங்கியதில்லை. ஷுல்டினரும் வாங்கியிருக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாங்கினார். 2001 மே மாதம் கட்டி திரும்ப வந்தபோது, இது காப்பீட்டுக்கு முன்பே இருந்த நோய் என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்தது. உடனே செய்தாக வேண்டிய இரண்டாவது அறுவை பணமில்லாமல் நின்றது. இப்படி மறுப்பதை அமெரிக்கச் சட்டம் 2014இல்தான் தடுத்தது.

பழைய தபால் உலகம் அப்போது மறுபடி விழித்துக்கொண்டது. டெமோ வாங்கியவர்கள் காசு அனுப்பினார்கள். பல ஊர்களில் நிதி திரட்டும் கச்சேரிகள் நடந்தன. கார்ன், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் போன்ற, இந்த வட்டத்துக்கு வெளியேயிருந்த பெரிய குழுக்களும் தங்கள் பொருள்களை ஏலத்துக்குத் தந்தன. அவருடைய தாய் ஜேன் அறிக்கைகள் வெளியிட்டு நன்றி சொன்னார். கூடவே, படிக்கிற ஒவ்வொருவரும் முதலில் போய்க் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். பிள்ளையின் ரசிகர்களில் பலர் அவரைப் போலவே காப்பீடு இல்லாதவர்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். இதே 2001இல், ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’கில் அவரோடு வாசித்த ஜேம்ஸ் மர்ஃபிக்கும் மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மர்ஃபி பிழைத்தார். ஷுல்டினர் கீமோதெரபியில் பலம் இழந்து, இலையுதிர்காலக் கடைசியில் நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, டிசம்பரில் இறந்தார். கன்ட்ரோல் டினைட்டின் இரண்டாவது ஆல்பம் பாதிப்பதிவில் நின்றது.

2011 முதல் ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் டெத் ஆல்பங்களைப் புதுக்கி மறுவெளியீடு செய்யத் தொடங்கியது. 2012இல், பல காலகட்டங்களில் அவரோடு வாசித்தவர்கள், அவரோடு மனம் கோணிப் பிரிந்தவர்கள் உட்பட, ‘டெத் டு ஆல்’ என்ற பெயரில் ஒன்றுகூடி அமெரிக்காவில் டூர் போனார்கள். மாஸ்விடால், ரைனர்ட், டிஜார்ஜியோ எல்லோரும் இருந்தார்கள். உறுமுவதற்கு அடுத்த தலைமுறைப் பாடகர்களை அழைத்துக்கொண்டார்கள். திரளும் பணம் ‘ஸ்வீட் ரிலீஃப்’ நிதிக்கு என்று அறிவித்தார்கள். விக்டோரியா வில்லியம்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடகிக்கு நரம்புநோய் வந்து, காப்பீடு இல்லாமல் தவித்தபோது, சக கலைஞர்கள் 1993இல் அவர் பாடல்களைப் பாடி ஆல்பமாக்கிக் காசு சேர்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்த அந்த நிதி, நோயிலோ முதுமையிலோ பணமில்லாமல் நிற்கும் இசைக்காரர்களின் மருத்துவச் செலவுக்கு இன்றும் உதவிக்கொண்டிருக்கிறது.